நியமிக்கும் கை: பனகல் அரசரும் ஸ்தல ஸ்தாபன அரசியலும்

1921 ஜூலை முதல் 1932 நவம்பர் வரை சென்னை மாகாணத்துக்கு மூன்று முதலமைச்சர்கள் இருந்தார்கள். நடுவில் வந்த டாக்டர் பி. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் அமர்ந்த இருவரும் பழைய சித்தூர் ஜில்லாவின் எல்லைக்குள் பிறந்தவர்கள். ஒருவர் காளஹஸ்தியில் பிறந்த பனகல் அரசர் ராமராயநிங்கார். மற்றவர் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் பிறந்த பி. முனுசாமி நாயுடு. பனகல் அரசரைச் சட்டமன்றத்தில் எதிர்த்து, அவர் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்த சி.ஆர். ரெட்டியும் அதே ஜில்லாக்காரர்தான். சித்தூர் நகரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்தவர்.

சென்னைக் கோட்டையிலிருந்து பார்த்தால் சித்தூர் பெரிய ஜில்லா அல்ல. தஞ்சாவூரைப் போல நெல்லும் கோதாவரியைப் போல பணமும் விளைந்த பூமியும் அல்ல. அங்கிருந்து புறப்பட்ட இம்மூவரின் அரசியலும் ஒரு துறையைச் சுற்றியே நடந்தது. அன்று ‘ஸ்தல சுயாட்சி’ என்றார்கள். இன்று உள்ளாட்சி என்கிறோம். சாலை, கிணறு, சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஊர்க்காரியமாகத் தோன்றும் இந்தத் துறைதான் 1920களில் இந்தியர் கைக்கு வந்த மிகப் பெரிய அதிகாரம். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை முதலில் முழுதாகக் கண்டுகொண்டவர் பனகல் அரசர். தேர்தல் ஒதுக்கிவைத்தவர்களை உள்ளாட்சிக்குள் கொண்டுவருவதும், உள்ளாட்சியைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்வதும் அவர் காலத்தில் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்களாக நடந்தன. அந்த இரண்டு பக்கங்களையும் பிரித்துப் பார்த்தால்தான், நூறாண்டு கழித்து, காளஹஸ்தியை அடுத்த ஏர்பேடு போன்ற ஒரு மண்டலத்தில் ஊராட்சித் தலைவர் எங்கே நிற்கிறார் என்பது புரியும்.

கலெக்டர் தலைமையில் ஒரு போர்டு

உள்ளூர் நிர்வாகத்தில் இந்தியர்களுக்கு இடம் தர வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டது 1882 மே மாதம். அதையொட்டி 1884இல் சென்னை மாகாணத்துக்கு லோக்கல் போர்டு சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, அதன் கீழ் தாலுகா போர்டு, அதற்கும் கீழ் யூனியன் என்று மூன்றடுக்கு. ஆனால் ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டர். உறுப்பினர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார்களும் வக்கீல்களும் ஜமீன் குடும்பத்தாரும். கூட்டத்தில் கலெக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவதே பலருக்கும் வேலை.

இருந்தாலும் போர்டுகளிடம் பணம் இருந்தது. நில வரியோடு சேர்த்து வசூலான ‘செஸ்’, சாலைகளில் சுங்கச்சாவடி வருமானம், சந்தைக் குத்தகை, படகுத்துறைக் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் என்று வரவு வந்தது. செலவும் அதே கணக்கில் சாலை, பாலம், சத்திரம், ஆரம்பப் பள்ளி, மருந்தகம் என்று போனது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு படி மேலே போய்ச் சொந்தமாக ரயில் பாதையே போட்டது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஓடிய ரயில் அந்த போர்டின் சொத்து. ஒரு மதகு கட்டும் கான்ட்ராக்ட் யாருக்கு, எந்த ஊருக்குச் சாலை வளையும், வாத்தியார் வேலை யாருக்கு என்ற கேள்விகளை ஒரு போர்டு தீர்மானித்தது. ஆகவே அங்கே இடம்பிடிப்பது கிராமத்துப் பெருந்தனக்காரருக்குக் கௌரவம் மட்டுமாக இருக்கவில்லை.

அந்தத் தலைமுறையின் பெரிய அரசியல்வாதிகள் பலரும் இந்தப் படியில் கால்வைத்தே ஏறியவர்கள். பிட்டி தியாகராய செட்டியார் 1880களில் சென்னை நகராண்மைக்குள் நுழைந்து, நாற்பதாண்டுக் காலம் அங்கேயே பணியாற்றி, 1920இல் மாநகராட்சியின் தலைவரானார். டி.எம். நாயரும் அதே மன்றத்தில் உறுப்பினர். ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தவர். நீதிக்கட்சியின் முதல் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்ற ஏ. சுப்பராயலு ரெட்டியார் கடலூர்ப் பக்கத்து போர்டு அரசியலில் பழுத்தவர். வார்டு மெம்பராக இருந்து கோட்டைக்குப் போவது அன்று வழக்கமான பாதை.

காளஹஸ்தியிலிருந்து வந்தவர்

பனகண்டி ராமராயநிங்கார் 1866 ஜூலை 9 அன்று காளஹஸ்தியில், வெலமா குலத்து நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது காளஹஸ்தி வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது காளஹஸ்தியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் அதில் சேர்ந்தன. தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் பகுதி அது. தமிழருக்கு அது கண்ணப்பரின் திருக்காளத்தி.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் அவர் படித்தார். சமஸ்கிருதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றார். பின்னாளில் பிராமணரல்லாதார் இயக்கத்தின் தலைவராக மேடையேறியவர் சமஸ்கிருதப் பட்டதாரி என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லி ரசிக்கும் செய்தி. 1912 முதல் 1915 வரை நிலவுடைமையாளர்களின் பிரதிநிதியாக வைஸ்ராயின் சட்டமன்றத்தில் இருந்தார். 1916 இறுதியில், பின்னாளில் நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. 1917 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் அது நடத்திய பிராமணரல்லாதார் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர்.

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் கீழ் 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63ஐ நீதிக்கட்சி பிடித்தது. வாக்குரிமை பெற்றிருந்தவர்களோ மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேரளவுதான். ஆளுநர் வில்லிங்டன் பிரபு அழைத்தும் தியாகராய செட்டியார் பதவியை ஏற்கவில்லை. 1920 டிசம்பர் 17 அன்று சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் மூவர் அமைச்சரவை பொறுப்பேற்றது. ராமராயநிங்காருக்குக் கிடைத்த இலாகா ஸ்தல சுயாட்சி. ஏழு மாதம் கழித்து ரெட்டியார் உடல்நலம் குன்றி விலகியதும், 1921 ஜூலை 11 அன்று ராமராயநிங்கார் முதலமைச்சரானார். முதலமைச்சரான பிறகும் அவர் ஸ்தல சுயாட்சியை யாரிடமும் கொடுத்துவிடவில்லை.

இதில் ஒரு கணக்கு இருந்தது. இரட்டை ஆட்சி முறையில் போலீஸ், நிலவரி, பாசனம், நிதி ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. கல்வி, விவசாயம், தொழில், கலால், பொதுச் சுகாதாரம், ஸ்தல சுயாட்சி போன்றவை அமைச்சர்களுக்கு வந்தன. இவற்றில் பல துறைகளுக்கு நிதி இலாகாவின் தயவு வேண்டும். ஸ்தல சுயாட்சியில் மட்டும் அமைச்சரின் கையெழுத்துக்கே நேரடி மதிப்பு இருந்தது. மாகாணத்தின் ஒவ்வொரு ஜில்லாவிலும் தாலுகாவிலும் நகராட்சியிலும் யார் நாற்காலியில் உட்காருவது என்பதில் அந்தக் கையெழுத்துக்குப் பங்கு உண்டு.

நியமனத்தின் இரண்டு பாதிகள்

1920ஆம் ஆண்டின் லோக்கல் போர்டு சட்டமும் ஜில்லா நகராட்சிச் சட்டமும் பழைய முறையைப் பெரிய அளவில் மாற்றின. கலெக்டர் ஜில்லா போர்டிலிருந்து வெளியேறினார். உறுப்பினர்களில் பெரும்பகுதி தேர்தலில் வர வேண்டும். மீதியை அரசு நியமிக்கலாம். தலைவர் பதவியை நியமனத்தால் நிரப்புவதா, தேர்தலுக்கு விடுவதா என்பதிலும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. போர்டைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், கலைக்கலாம், அதன் தீர்மானத்தை ரத்து செய்யலாம். ‘அரசு’ என்று சட்டம் சொன்ன இடத்தில் நடைமுறையில் இருந்தவர் ஸ்தல சுயாட்சி அமைச்சர்.

இந்த அதிகாரத்தின் ஒரு பாதி நியாயத்தின் பாதி. தேர்தல் வைத்தால் நிலமும் சாதிச் செல்வாக்கும் உள்ளவர்களே வருவார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். சொத்துவரி கட்டுகிறவனுக்கே வாக்கு என்ற அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டோர் ஒருவர் போட்டியிட்டு ஜெயிப்பது நடக்காத காரியம். அவர்களை மன்றங்களுக்குள் கொண்டுவர இருந்த ஒரே வாசல் நியமனம். சட்டமன்றத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் இருவரும் நியமன உறுப்பினர்களாகவே அங்கே நுழைந்தார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் இவற்றில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கவும் நுழையவும் தண்ணீர் எடுக்கவும் தடை கூடாது என்பது அதன் சாரம். சட்டமன்றம் அதை ஏற்றது. செப்டம்பரில் அரசாணை வந்தது. இந்தத் தீர்மானம் பட்டியலிட்ட சொத்துகள் யாருடையவை? தெரு நகராட்சியுடையது. கிணறும் குளமும் தாலுகா போர்டுடையவை. ஆகவே இந்த உரிமை காகிதத்தைத் தாண்டி வந்ததா என்பதை நிர்ணயித்தவர்கள் அந்தந்த ஊர் போர்டு மெம்பர்கள். தேர்தலில் வந்த மெம்பர்களில் பலர் அந்தக் கிணற்றடியிலேயே ஒதுக்கி வைக்கும் பக்கத்தில் நின்றவர்கள். அந்த மன்றத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்கும், யாரும் இல்லாமல் அரசாணை கோப்பில் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நியமனத்தால் வந்தது.

மற்ற பாதி கட்சியின் பாதி. நியமிக்கும் கையே கட்சியையும் கட்டியது. போர்டில் இரு கோஷ்டி சமபலத்தில் நின்றால், அரசு நியமிக்கும் நாலைந்து பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் வெற்றி. ஒரு ஜில்லாவின் செல்வாக்குள்ள பிரமுகர் கோட்டைக்கு வந்து பனகல் அரசரைப் பார்த்துப் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. போர்டு தலைவர் கட்சியோடு இருந்தால் சட்டமன்றத் தேர்தலில் வாக்குகள் கட்சியோடு இருக்கும். தென்னிந்திய அரசியலின் இந்தக் காலத்தை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள், நீதிக்கட்சிக்குத் தெருவில் கிளைகள் குறைவாக இருந்தும் அது நிலைத்ததற்கு இந்தச் சலுகை வலையே முக்கிய காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். கொள்கையை இதற்குள் கரைத்துவிடுவது ஒருபக்கப் பார்வை. அரசு வேலைகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் தர 1921 செப்டம்பரில் வந்த வகுப்புவாரி அரசாணையை வெறும் சலுகை என்று தள்ள முடியாது. ஆனால் கொள்கையைச் சுமந்து சென்ற வண்டி சலுகை என்பதை மறுக்கவும் முடியாது.

கிராம மருத்துவத் திட்டத்திலும் இதே இரட்டைத் தன்மை தெரிகிறது. பட்டணத்தில் தொழில் செய்யும் டாக்டர்களைக் கிராமங்களில் குடியேறச் செய்ய 1920களின் நடுவில் சென்னை அரசு ஒரு வழி கண்டது. கிராமத்தில் டாக்டர் சொந்தமாகத் தொழில் நடத்தலாம். ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் மானியமும் மருந்தும் கிடைக்கும். நிர்வாகம் போர்டுகளின் வழியே நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டப் பணமில்லாத காலத்தில் இது நல்ல யோசனை. கூடவே, எந்தக் கிராமத்துக்கு டாக்டர் என்பதும் ஒரு போர்டு முடிவாயிற்று. முடிவு எங்கே இருக்கிறதோ, சிபாரிசுக் கடிதமும் அங்கே போகும்.

அன்றைய ஸ்தல அரசியலின் பெயர்வரிசையை இன்றும் சென்னை தியாகராய நகரில் நடந்தே பார்த்துவிடலாம். மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் மாநகராட்சி உருவாக்கிய குடியிருப்பு அது. பேர் தியாகராயருடையது. நீதிக்கட்சித் தலைவர்களில் நாயருக்குச் சாலை, நடேச முதலியாருக்குப் பூங்கா, முகமது உஸ்மானுக்குச் சாலை. கடைத்தெருவின் நடுவில் பனகல் பூங்கா.

கட்டமஞ்சியின் எதிர்க்குரல்

பனகல் அரசரின் பாணியை உள்ளிருந்தே எதிர்த்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி என்னும் சி.ஆர். ரெட்டி. 1880இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், மைசூரில் கல்வித்துறையில் உயர்ந்தவர், தெலுங்கில் கவிஞராகவும் விமர்சகராகவும் பேர் பெற்றவர். நீதிக்கட்சியில் இருந்து பிரிந்து எதிர்வரிசையில் அமர்ந்தார். அதிகாரம் ஒரு சிறு வட்டத்தில் சுருண்டுவிட்டது என்ற குறை கட்சிக்குள் அவருக்கு மட்டும் இருந்ததல்ல. 1921 ஜூலைக்குப் பிறகு அமைச்சர்கள் மூவரும் தெலுங்கர்கள் என்ற மனத்தாங்கல் தமிழ் உறுப்பினர்களுக்கு. பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நடந்த மோதலுக்குப் பிறகு எம்.சி. ராஜாவுக்கும் கட்சிக்கும் இடைவெளி வளர்ந்து, 1923இல் அவர் விலகினார்.

1923 தேர்தலில் நீதிக்கட்சியின் பலம் குறைந்தது. இருந்தும் பனகல் அரசர் மீண்டும் அமைச்சரவை அமைத்தார். இம்முறை திருநெல்வேலியின் டி.என். சிவஞானம் பிள்ளைக்கு இடம் கொடுத்தார். சில நாள்களிலேயே, நவம்பர் 27 அன்று, சி.ஆர். ரெட்டியின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. மாகாண சட்டமன்றத்தில் அப்படியொரு தீர்மானம் அதுவே முதல். 65க்கு 44 என்று தோற்றது. காளஹஸ்திக்காரர் மீது கட்டமஞ்சிக்காரர் தொடுத்த அந்த வழக்கில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருந்தது: பெரும்பான்மை இருப்பதாலேயே ஓர் அமைச்சரவை எல்லா நாற்காலியையும் தன் ஆட்களால் நிரப்பலாமா?

அரசியலின் விசித்திரம், பனகல் ஆட்சிக் காலத்தில் சட்டமான ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு 1926இல் முதல் துணைவேந்தரானவர் அதே சி.ஆர். ரெட்டிதான்.

கோயில் கமிட்டி வரை

நியமன அதிகாரம் போர்டுகளோடு நிற்கவில்லை. 1863ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில்களை மேற்பார்த்த கமிட்டி உறுப்பினர்கள் ஆயுள் முழுவதும் பதவியில் இருந்தார்கள். கணக்குக் கேட்பாரில்லை. பனகல் அமைச்சரவை 1922 டிசம்பரில் இந்து அறநிலைய மசோதாவைக் கொண்டுவந்தது. மடாதிபதிகளும் வைதிகர்களும் எதிர்த்தார்கள். வைஸ்ராயின் ஒப்புதல் இழுத்தது. 1925இல் சட்டமாகி, வழக்குகளில் சிக்கி, 1927இல் மீண்டும் நிறைவேறியது. நீதிபதி டி. சதாசிவ ஐயர் அறநிலைய வாரியத்தின் முதல் தலைவர். பிராமண எதிர்ப்புச் சட்டம் என்று வசைபாடியவர்களுக்கு இந்த நியமனமே ஒரு பதிலாக இருந்தது.

சித்தூர் ஜில்லாக்காரருக்குக் கோயில் சொத்து என்பது கேள்விப்பட்ட விஷயம் அல்ல. திருமலைக் கோயில் 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் விசாரணையில் இருந்தது. 1933இல்தான் தனிச் சட்டத்தின் கீழ் அது தேவஸ்தானக் கமிட்டிக்கு வந்தது. கணக்கு கேட்கும் அதிகாரம் வந்தது பெரிய சீர்திருத்தம். கூடவே ஸ்தல அரசியல்வாதிக்கு மூன்றாவது ஏணி ஒன்று கிடைத்தது: போர்டு, நகராட்சி, கோயில் கமிட்டி. இன்றும் ஆந்திராவில் ஆட்சி மாறினால் முதலில் மாறும் நாற்காலிகளில் ஒன்று திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவர் பதவி.

வக்கீல் முதலமைச்சர்

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி முந்தியது, பதவியேற்க மறுத்தது. டிசம்பரில் சுப்பராயன் முதலமைச்சரானார். பனகல் அரசர் எதிர்வரிசைக்குப் போனாலும் அவர் ஆதரவில்லாமல் அரசு ஓடவில்லை. 1928 டிசம்பர் 16 அன்று அவர் இறந்தார். 1930இல் நிறைவேறிய லோக்கல் போர்டு திருத்தச் சட்டம் நியமன முறையை எடுத்துவிட்டது. பத்தாண்டுக் காலம் நீதிக்கட்சியைத் தாங்கிய தூண் அது.

அந்த ஆண்டு இறுதியில் முதலமைச்சரானவர் முனுசாமி நாயுடு. ஜமீன்தார் அல்ல, அரசர் அல்ல, வக்கீல். பிராமணர்களையும் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கொண்டவர். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, விவசாயி கடனில் மூழ்கிய ஆண்டுகளில் அவர் ஆட்சி நடந்தது. செலவைக் குறைப்பதே பெரிய வேலையாக இருந்தது. பழைய சலுகை வலையைக் கையில் எடுக்க அவருக்கு வசதியும் இல்லை. கட்சியின் ஜமீன்தார்கள் அவரைத் தங்களவராக ஏற்கவும் இல்லை. 1932 அக்டோபரில் தஞ்சாவூரில் கூடிய கட்சி மாநாடு அடிதடியில் முடிந்தது. நவம்பர் தொடக்கத்தில் அவர் விலகினார். அடுத்த முதலமைச்சராகப் பொப்பிலி அரசர் வந்தார்.

நியமனம் போன பிறகு மேலிருந்து பிடிக்கும் ஆசை போய்விட்டதா? பொப்பிலி அரசர் காலத்தில் நகராட்சிகளுக்கு அரசு அனுப்பும் ஆணையர் வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கையில் இருந்த நிர்வாக அதிகாரத்தின் பெரும்பகுதி அந்த அதிகாரிக்குப் போனது. 1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. இவற்றுக்கு நியாயம் சொல்லப்பட்டது: போர்டுகளில் ஊழல், கோஷ்டிச் சண்டை, வசூல் மந்தம். நியாயம் பொய்யல்ல. ஆனால் ஒரு கருவி போன இடத்தில் மற்றொரு கருவி வந்து உட்கார்ந்தது என்பதும் உண்மை.

நூறாண்டு கழித்து ஏர்பேட்டில்

ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவே, கூடூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது ஏர்பேடு. குடிமல்லத்துப் பழமையான லிங்கம் இந்த மண்டலத்தில்தான். மலையாள சுவாமிகள் 1920களில் நிறுவி, சாதியும் பாலும் பாராமல் வேதாந்தம் கற்பித்த வியாசாசிரமமும் இங்கேதான். இப்போது திருப்பதி ஐஐடியின் நிரந்தர வளாகமும் இந்த மண்ணில் எழுந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் ஏர்பேடு சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே உள்ளாட்சி பலமுறை சட்டை மாற்றியது. 1959இல் பஞ்சாயத்து சமிதியும் ஜில்லா பரிஷத்தும் வந்தன. என்.டி. ராமராவ் சமிதிகளை எடுத்துவிட்டு மண்டலங்களைக் கொண்டுவந்தார். 1987இல் மண்டலத் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம், தலித், பழங்குடி, பெண்களுக்கு இடஒதுக்கீடு கட்டாயம். ஆந்திரா பெண்களுக்குப் பாதி இடங்கள் என்றது.

கட்டாயம் என்று எழுதியும் ஊராட்சிகளின் காலம் 2018இல் முடிந்து, 2021 பிப்ரவரி வரை தேர்தல் இல்லாமல் தனி அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். தேர்தல் வந்தபோது பெரும் சச்சரவு. போட்டியின்றித் தேர்வாகும் ஊராட்சிக்கு ஊக்கத்தொகை என்றது அரசு. குண்டூர், சித்தூர் மாவட்டங்களில் போட்டியின்றி வந்தவற்றின் முடிவை உடனே அறிவிக்க வேண்டாம் என்றார் மாநிலத் தேர்தல் ஆணையர் ரமேஷ் குமார். அதிகாரிகளை எச்சரித்துப் பேசிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சர் பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று ஆணையர் உத்தரவு போட, உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்த அமைச்சர் சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர்த் தொகுதிக்காரர். ஸ்தல சுயாட்சி அமைச்சர் என்ற பதவியின் கனம் நூறாண்டில் குறையவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

தேர்தல் முடிந்து பதவிக்கு வந்த சர்பஞ்சுகள் என்னும் ஊராட்சித் தலைவர்களுக்கு வேறு குறை காத்திருந்தது. நிதிக் கமிஷன் வழியே ஊராட்சிக் கணக்குக்கு வந்த பணம் மின்கட்டண பாக்கிக்கு என்று எடுக்கப்பட்டதை எதிர்த்து மாநிலம் முழுதும் அவர்கள் போராடினார்கள். ஊர்க்காரர் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் போக வேண்டிய இடமாக 2019இல் தொடங்கிய கிராமச் செயலகமும் வாலண்டியரும் ஆகிவிட, சர்பஞ்சுக்குத் தெருவிளக்கும் குப்பையும் மிஞ்சின.

ஆற்று மணலிலும் இதே கதை. ஏர்பேடு மண்டலத்து முனகலபாளையம் கிராமத்தார், சுவர்ணமுகி ஆற்றில் நடந்த மணல் கொள்ளையைத் தடுக்கக் கோரி 2017 ஏப்ரல் 21 அன்று ஏர்பேடு காவல் நிலையத்துக்கு எதிரே கூடினார்கள். கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று கூட்டத்துக்குள் புகுந்தது, பலர் இறந்தார்கள். விபத்தை விபத்தாகவே எடுத்துக்கொண்டாலும், தங்கள் ஊர் ஆற்று மணலைப் பற்றி முறையிட ஒரு கிராமம் காவல் நிலைய வாசலுக்கு வர வேண்டியிருந்தது என்பது மிஞ்சுகிறது. அந்த முறையீட்டைக் கேட்டு, லாரியை நிறுத்தும் அதிகாரம் ஊராட்சி அலுவலகத்துக்கு இல்லை.

இதை ஆந்திராவின் கதை என்று தமிழ்நாட்டார் ஒதுக்க முடியாது. 2016 அக்டோபரில் காலம் முடிந்த தமிழக ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பர்வரை தேர்தல் நடக்கவில்லை. சில மாவட்டங்களுக்கு 2021 ஆயிற்று. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அதிகாரிகள் வந்தார்கள்.

எந்தப் பாதி மிஞ்சியது

பனகல் அரசரை மதிப்பிடுகிறவர்கள் இரு கூடாரமாக நிற்கிறார்கள். ஒரு கூடாரத்துக்கு அவர் சமூகநீதியின் முன்னோடி. மற்றதற்கு அவர் நாற்காலி வியாபாரத்தைத் தொடங்கி வைத்த சாமர்த்தியசாலி. அவர் காலத்துச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கையெழுத்தில் நடந்தவை. தேர்தல் தள்ளிவைத்தவர்களை மன்றத்துக்குள் கொண்டுவர அன்று வேறு வழி இல்லை. அந்த வழியே கட்சி கட்டும் வழியும் ஆனது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. அவருக்கு நீக்கும் விருப்பம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இன்று நிலைமை வேறு. நியமனத்தின் நியாயமான பாதியை 73ஆவது திருத்தம் எடுத்துக்கொண்டுவிட்டது. தலித் பெண் ஒருவர் ஏர்பேடு மண்டலத்தில் சர்பஞ்சாவதற்கு எந்த அமைச்சரின் கருணையும் தேவையில்லை; ஒதுக்கீட்டுப் பட்டியலும் வாக்குச்சீட்டும் போதும். ஆகவே மாநில அரசின் கையில் எஞ்சியிருப்பது மற்ற பாதி மட்டும்: தேர்தலைத் தள்ளிப்போடுவது, தனி அதிகாரியை வைப்பது, கணக்கிலிருந்து பணத்தை எடுப்பது, ஊராட்சிக்குப் பக்கத்திலேயே அதைச் சாராத இன்னொரு அலுவலகத்தைத் திறப்பது. பனகல் அரசரிடம் கேட்டிருந்தால், “இந்த அதிகாரம் இல்லாவிட்டால் அந்த உறுப்பினர் உள்ளே வந்திருக்க முடியாது” என்று சொல்ல அவருக்கு ஒரு பதில் இருந்திருக்கும். அந்தப் பதில் இன்றைய அமைச்சர்கள் யாருக்கும், எந்தக் கட்சிக்காரருக்கும், கிடையாது. உள்ளாட்சி அமைச்சரை இனி எடைபோட வேண்டிய கேள்வி சுலபமானது: தன்னிடம் இருக்கும் பிடிகளில் எத்தனையை அவர் சட்டப்படி ஊராட்சியிடம் விட்டுக்கொடுத்தார்?